மாசி சிவராத்திரிக்கு ஊருக்குப் போகிறோம்: வானம் பார்க்க டெலஸ்கோப் வாங்க வேண்டுமா?

சென்னையில் இருக்கிறீர்கள். மாசி சிவராத்திரிக்கு சிவகங்கைப் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு போய் ஐந்து நாள் தங்கப் போகிறீர்கள். அதற்குள் ஒரு சின்ன டெலஸ்கோப் வாங்கலாமா, பைனாகுலரே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் எழுதியிருப்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன்: போன முறை ராத்திரி எட்டரை மணிக்கு மாடியில் நின்று பார்த்தபோது படங்களில் வருகிற பால்வீதி தெரியவே இல்லை, ஏன்? இதற்குச் சுருக்கமான பதில்: அந்த மாதத்தில், அந்த நேரத்தில், பால்வீதியின் பிரகாசமான பகுதி தொடுவானத்துக்குக் கீழே இருந்தது. தலைக்கு மேல் இருந்த மங்கலான பகுதியைப் பார்க்கும் அளவுக்கு உங்கள் கண் இருட்டுக்குப் பழகியிருக்கவில்லை. டெலஸ்கோப் இருந்திருந்தாலும் இந்த இரண்டும் மாறியிருக்காது. இந்த முறை ஒரு நல்ல பைனாகுலர், ஒரு கயிற்றுக் கட்டில், அதிகாலை மூன்றரை மணிக்கு ஓர் அலாரம், இவ்வளவு போதும்.

டெலஸ்கோப் வேண்டாம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. நிலாவின் பள்ளங்கள், வியாழனின் பட்டைகள், சனியின் வளையம் இவற்றைச் சென்னை மொட்டைமாடியிலிருந்தே சிறு டெலஸ்கோப்பில் பார்த்துவிடலாம். நகர வெளிச்சம் அவற்றைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. நகரம் மறைத்து வைப்பது வேறு வகை: அகலமாகப் பரந்து, மங்கலாகக் கிடப்பவை. கார்த்திகைக் கூட்டம் மட்டுமே வானத்தில் இரண்டு டிகிரி அகலம், அதாவது நான்கு முழுநிலாக்களை வரிசையாக வைத்த நீளம். சின்ன டெலஸ்கோப்பில் ஒரு நேரத்தில் தெரிவது பெரும்பாலும் ஒரு டிகிரி சொச்சம்தான். கூட்டத்தின் ஒரு துண்டைப் பார்ப்பீர்கள், கூட்டத்தைப் பார்க்க மாட்டீர்கள். போதாததற்கு, விலை குறைந்த டெலஸ்கோப்புகளின் முக்காலி தொட்டாலே ஆடும். ஐந்து நாள் பயணத்தில் முதல் மூன்று இரவு அதைப் பழகுவதிலேயே போய்விடும்.

பைனாகுலரில் இரண்டு எண்கள் இருக்கும். 10x50 என்றால் பத்து மடங்கு உருப்பெருக்கம், முன்கண்ணாடியின் விட்டம் 50 மில்லிமீட்டர். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும்: 10x50 என்றால் 5 மி.மீ., 7x50 என்றால் 7 மி.மீ. இருட்டில் இருபது வயதுக் கண்ணின் பாவை, அதாவது ஒளி நுழையும் துளை, ஏறக்குறைய 7 மி.மீ. விரியும்; ஐம்பதை நெருங்கும்போது பலருக்கு அது 5 மி.மீ. பக்கம் நின்றுவிடும். உங்களுக்கு நாற்பத்தைந்து, அப்பாவுக்கு எழுபது கடந்துவிட்டது என்கிறீர்கள். 7x50 வாங்கினால் அதன் ஒளியில் ஒரு பங்கு உங்கள் கருவிழி மேலேயே விழுந்து வீணாகும். ஆகவே 10x50 என் முதல் தேர்வு. கை நடுங்குகிறவருக்கும் பிள்ளைகளுக்கும் 8x42 இன்னும் வசதி. எடை குறைவு, பார்வைப் பரப்பு கூடுதல். பத்து மடங்குக்கு மேல் கையில் பிடித்துப் பார்க்க முடியாது, விண்மீன்கள் புழுப்போல நெளியும். ஜூம் பைனாகுலர் எதுவானாலும் விட்டுவிடுங்கள். பரப்பும் குறைவு, இரு குழல்களின் ஒத்திசைவும் சீக்கிரம் கெடும். முன்கண்ணாடி மாணிக்கச் சிவப்பாக மின்னினால் அதையும் தொட வேண்டாம். அந்தப் பூச்சு சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. நடுத்தர செல்பேசி ஒன்றின் விலைக்குள் நல்ல 10x50 கிடைக்கும்.

கடையிலேயே செய்துபார்க்க வேண்டிய சோதனைகள் இரண்டு. பைனாகுலரை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, வெளிச்சமான வானத்தை நோக்கி வைத்து, கண்வைக்கும் பக்கத்தில் தெரியும் ஒளிவட்டங்களைப் பாருங்கள். வட்டம் முழுதாக இருந்தால் உள்ளிருக்கும் பட்டகம் (ப்ரிசம்) நல்ல கண்ணாடி. ஓரங்கள் வெட்டுப்பட்டு சதுரம்போல் தெரிந்தால் மலிவான கண்ணாடி, ஓரத்து ஒளி போய்ச்சேராது. அடுத்து, தூரத்து மின்கம்பத்தையோ கோபுர உச்சியையோ பத்து நிமிடம் தொடர்ந்து பாருங்கள். கண் இழுக்கிறமாதிரி இருந்தாலோ, ஒருகணம் இரண்டாகத் தெரிந்து பிறகு சேர்ந்தாலோ, இரு குழல்களும் ஒரே திசையில் இல்லை என்று பொருள். அந்தப் பைனாகுலர் இரவில் தலைவலிதான் தரும். பழைய பைனாகுலர் ஒன்று வீட்டில் இருந்தால் அதற்கும் இதே சோதனை பொருந்தும். கீழே விழுந்த பைனாகுலர்களில் இதுதான் முதலில் கெடுவது.

வாங்கியதும் கண்ணுக்குப் பொருத்த வேண்டும். பலர் நடுச்சக்கரத்தை மட்டும் திருப்பிவிட்டு மங்கலாகத் தெரிகிறது என்பார்கள். வலப்பக்க முன்கண்ணாடியை மூடியால் மூடிவிட்டு, இரண்டு கண்ணையும் திறந்தபடியே, இடக்கண்ணுக்கு ஒரு விண்மீன் ஊசிமுனையாக வரும்வரை நடுச்சக்கரத்தைத் திருப்புங்கள். பிறகு மூடியை இடப்பக்கம் மாற்றி, வலக்கண் பக்கத்து வளையத்தை மட்டும் திருப்பி அதே விண்மீனை ஊசிமுனையாக்குங்கள். அந்த வளையம் நிற்கும் இடத்தில் ஒரு புள்ளி நகப்பூச்சு வைத்துக்கொண்டால் இருட்டில் தேட வேண்டாம். கண்ணாடி போடுகிறவர்கள் கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் என்றால் கழற்றிவிடலாம், குவியம் அதைச் சரிசெய்துவிடும். உருளைக்குறை, அதாவது சீட்டில் சிலிண்டர் என்று எண் எழுதியிருந்தால், கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். அப்படியானவர்கள் கண்ணைச் சற்றுத் தள்ளி வைத்தாலும் முழுப்பரப்பும் தெரிகிற வகையாக வாங்க வேண்டும். பிடிக்கும்போது நடுவில் பிடிக்காமல் முன்குழல்களைப் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். கை நடுக்கம் குறைந்தாலே அதுவரை தெரியாத மங்கலான விண்மீன்கள் தெரியத் தொடங்கும்.

இனி கண். இருட்டில் பாவை விரிவது ஓரிரு நிமிட வேலை. அதோடு முடிந்தது என்று எண்ணித்தான் எல்லோரும் பத்தாவது நிமிடம் கீழே இறங்கிவிடுகிறார்கள். மங்கல் வெளிச்சத்தில் பார்க்க உதவுபவை விழித்திரையின் கோல் செல்கள்; அவற்றில் இருக்கும் ரொடாப்சின் என்ற நிறமி வெளிச்சத்தில் சிதைந்து, இருட்டில் மெல்ல மெல்லத் திரும்ப உருவாகிறது. அது போதிய அளவு சேர இருபதிலிருந்து முப்பது நிமிடம் ஆகும், அதற்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். நடுவில் ஒரே ஒரு தடவை வாட்ஸ்அப் பார்த்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். கோல் செல்கள் அடர்சிவப்பை ஏறக்குறைய உணர்வதே இல்லை; அதனால் டார்ச் வாயில் சிவப்புக் கண்ணாடித் தாளை நாலைந்து மடிப்பாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். சிவப்பாக இருந்தால் மட்டும் போதாது, மங்கலாகவும் இருக்க வேண்டும். காலடி தெரிந்தால் சரி. செல்பேசி வான வரைபடத்தின் இரவுநிலையும் பெரும்பாலும் தேவைக்கு மிஞ்சிய வெளிச்சம்தான். பகலிலேயே வரைபடத்தைப் பார்த்து மனதில் ஏற்றிக்கொள்வது அல்லது அச்சிட்டு எடுத்துப்போவது நல்லது. தவிர்க்கவே முடியாமல் வெளிச்சத்துக்குள் போக நேர்ந்தால் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு போங்கள். இரு கண்ணும் தனித்தனியாகத்தான் பழகுகின்றன.

இடத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சிவராத்திரி என்பது தேய்பிறைச் சதுர்த்தசி. அமாவாசைக்கு முந்தின இரவு. விடியலுக்குச் சற்று முன்புதான் மெல்லிய பிறை எழும் என்பதால், வானம் பார்க்க வருஷத்தில் இதைவிடத் தோதான ராத்திரி கிடைப்பது அரிது. ஆனால் அன்றைக்கு உங்கள் குலதெய்வக் கோயிலில் சீரியல் பல்பும் டியூப் லைட்டும் ஜெனரேட்டரும் விடிய விடிய இருக்கும். கோயிலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி, விளக்கு நேராகக் கண்ணில் படாத இடமாகப் பாருங்கள். தொலைவில் வானத்தை வெளுக்க வைக்கும் ஊர் வெளிச்சத்தைவிட, ஐம்பது அடியில் எரியும் ஒரே ஒரு எல்.இ.டி. தெருவிளக்குதான் அதிகம் கெடுக்கும். கண்ணை அது பழகவே விடாது. வைக்கோல் போரோ பம்புசெட் அறைச் சுவரோ மறைத்தால்கூடப் போதும். இடம் தேடும்போது தெற்குப் பக்கம் மரமில்லாமல் திறந்திருக்கிறதா என்பதைத்தான் முக்கியமாகப் பாருங்கள், வடக்கு மறைந்தாலும் பெரிய நஷ்டமில்லை. கண்மாய்க் கரையின் வடகோடி இதற்கு அருமையான இடம், ஆனால் அங்கே கொசுவும் பனியும் கூடுதல்.

தரையில் பாய் விரித்துப் படுக்காதீர்கள். கட்டுவிரியன் இரவில் இரை தேடும் பாம்பு. தரையில் படுத்திருப்பவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கும், கடித்த வலிகூடச் சில சமயம் தெரியாது. சந்தேகம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கயிற்றுக் கட்டிலோ சாய்வு நாற்காலியோ எடுத்துப்போங்கள். இது பாதுகாப்புக்கு மட்டுமல்ல, நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தால் பத்து நிமிடத்தில் கழுத்து வலிக்கும், கை ஆடும்; படுத்துக்கொண்டு பார்ப்பவர் ஒரு மணி நேரம் பார்ப்பார். போகும்போதும் வரும்போதும் மூடிய ஷூ, கையில் கம்பு. கருவேல முள்ளுக்கும் அது நல்லது. கொசு விரட்டிக் களிம்புகள் பலவற்றில் டீட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, அது பைனாகுலரின் ரப்பர் உறையையும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும், கண்ணாடிப் பூச்சிலும் கறை விடும். களிம்பைக் காலிலும் கழுத்திலும் தடவிக்கொண்டு, உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பைனாகுலரைத் தொடுங்கள். முழுக்கைச் சட்டை போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்று ஊரில் சொல்வார்கள். திறந்த வானத்தைப் பார்த்தபடி இருக்கும் கண்ணாடி, சுற்றியுள்ள காற்றைவிடச் சீக்கிரம் குளிர்ந்து, அதன்மேல் பனி படியும். நள்ளிரவுக்கு மேல் ‘மேகம் வந்துவிட்டது போல’ என்று நினைப்பது பல நேரம் முன்கண்ணாடியில் படிந்த ஈரம்தான். சட்டைத் துணியால் துடைக்காதீர்கள், தூசியோடு சேர்த்துத் தேய்த்துப் பூச்சைக் கீறிவிடும். பார்க்காத நேரத்தில் முன்கண்ணாடி தரையை நோக்கியபடி துண்டுக்கு அடியில் வைத்திருந்தால் பனி படிவது வெகுவாகக் குறையும். படிந்துவிட்டால் மடியில் போர்வைக்குள் சற்று நேரம் வைத்திருங்கள், தானாக மறையும்.

இப்போது வானம். கீழே சொல்லும் நேரங்கள் மார்ச் முதல் தேதி சிவகங்கையிலிருந்து பார்ப்பவருக்கானவை. நாளுக்கு நாலு நிமிடம் மாறும், பதினைந்து நாள் முன்பு என்றால் ஒரு மணி நேரம் தாமதமாக, பின்பு என்றால் ஒரு மணி நேரம் முன்னதாக. ஆறரை மணி வாக்கில் சூரியன் மறைந்தாலும் முழு இருட்டு வர ஏழே முக்கால் ஆகிவிடும். அப்போது மேற்கே பாருங்கள். சூரியன் மறைந்த இடத்திலிருந்து கார்த்திகைக் கூட்டத்தை நோக்கி மங்கலான ஒளிக்கூம்பு ஒன்று எழுந்து நிற்கும். அது ராசிமண்டல ஒளி. கோள்கள் சுற்றும் தளத்தில் மிதக்கும் தூசியில் பட்டுச் சிதறும் சூரிய வெளிச்சம். மாசி மாலையில், நம் அட்சரேகையில், அது ஏறக்குறைய செங்குத்தாக நிற்பதால் குளிர்நாட்டவர்களைவிட நமக்கு நன்றாகத் தெரியும். ஏதோ ஊர் வெளிச்சம் என்று நினைத்துக் கடந்துபோகிறவர்களே அதிகம். அது தெரிந்தால் உங்கள் இடம் நல்ல இருட்டு என்பதற்கு அதுவே சான்று.

எட்டு மணிக்கு வேட்டைக்காரன் எனப்படும் ஓரியன் உச்சிக்கருகே நிற்கும். அதன் ஒரு தோளில் செம்மஞ்சளாக ஒளிர்வது திருவாதிரை, எதிர்மூலைக் காலில் நீலவெண்மையாக ஒளிர்வது ரைகல். நிறம் புரியவில்லை என்றால் பைனாகுலரின் குவியத்தைச் சற்றுக் கலைத்துப் பாருங்கள், புள்ளி வட்டாகப் பரவும்போது நிறம் பளிச்சென்று தெரியும். திருவாதிரை கண்ணுக்கு எட்டும் அளவில் ஒளி மாறும் விண்மீன். 2019 இறுதியிலிருந்து 2020 பிப்ரவரி வரை, அது உமிழ்ந்த தூசி மறைத்ததில், வழக்கத்தைவிடப் பாதிக்கும் கீழே மங்கியது. பக்கத்தில் இருக்கும் ரோகிணியோடு ஒப்பிட்டு வைத்துக்கொண்டால் அடுத்த வருஷம் நீங்களே மாற்றத்தைச் சொல்லலாம். இடுப்பு மூன்று விண்மீனுக்குக் கீழே தொங்கும் வாளின் நடுவில் பைனாகுலரை வைத்தால் எம்42 என்ற, விண்மீன் பிறக்கும் வாயு முகில், ஏறக்குறைய 1,340 ஒளியாண்டு தொலைவில். சாம்பல் நிற விசிறிபோலத் தெரியும்; படங்களில் வரும் இளஞ்சிவப்பு தெரியாது. மேற்கே கார்த்திகை: வெறுங்கண்ணால் எத்தனை என்று வீட்டில் ஒவ்வொருவரையும் தனித்தனியாக எண்ணச் சொல்லுங்கள். ஆறு எளிது, நல்ல இருட்டில் கூர்மையான கண்ணுக்கு ஒன்பது, பத்துவரை போகும். பைனாகுலரில் ஐம்பதுக்கு மேல். தெற்கே இரண்டே முக்கால் கைமுட்டி உயரத்தில் தனியாக ஒளிரும் வெண்ணிற விண்மீன் அகத்தியர். அதற்கு மேலே உயரத்தில் இருக்கும் சிரியஸுக்கு அடுத்து முழு வானத்திலும் அதிக ஒளியுள்ளது அதுதான். கையை நீட்டி மடக்கிய முட்டியின் அகலம் பத்து டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சிரியஸிலிருந்து அகத்தியர் வரை பைனாகுலரால் மெதுவாகத் துழாவிக்கொண்டே வந்தால் வழியெல்லாம் விண்மீன் கூட்டங்கள் அகப்படும். பத்து மணிக்கு உச்சிக்கு வரும் பூசக் கூட்டம், எம்44, வெறுங்கண்ணுக்கு ஒரு திட்டுப் புகை. பைனாகுலரில் அந்தப் புகை சட்டென்று விண்மீன்களாக உடையும். பிள்ளைகளுக்கு முதலில் இதைக் காட்டுங்கள்.

இந்த நேரத்தில் ஓரியனுக்கும் சிரியஸுக்கும் கிழக்கே, வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஒரு மெல்லிய வெளுப்பு ஓடும். அதுவும் பால்வீதிதான், ஆனால் மையத்துக்கு எதிர்ப்பக்கம். விண்மீன் அடர்த்தி குறைந்த புறப்பகுதி. போன முறை நீங்கள் தவறவிட்டது இதைத்தான்.

பத்தரை மணி வாக்கில் தெற்கே ஒரு சிலுவை தெரியும். அதைத் தெற்குச் சிலுவை என்று பலர் தவறாகக் காட்டுவார்கள். அது பொய்ச் சிலுவை. அளவில் பெரியது, ஒளியில் மங்கல். உண்மையான தெற்குச் சிலுவை, நம்மவர்கள் திரிசங்கு என்பது, சின்னதாக, நெருக்கமாக, கிழக்கே இரண்டு பிரகாசமான விண்மீன்களைக் காவலுக்கு வைத்துக்கொண்டு பின்னிரவு இரண்டு மணி வாக்கில்தான் நேர் தெற்குக்கு வரும், அப்போதும் உயரம் இரண்டு முட்டிதான். இரண்டு சிலுவைகளுக்கும் இடையில், பன்னிரண்டரை மணிக்கு நேர் தெற்கில், கரைனா முகில் வரும். வெறுங்கண்ணுக்கே ஒரு வெள்ளைத் திட்டு. பைனாகுலரில் அதே பரப்புக்குள் என்.ஜி.சி. 3532 என்ற செழிப்பான விண்மீன் கூட்டமும் சேர்ந்தே விழும். அந்த முகிலுக்குள் இருக்கும் ஈட்டா கரைனா 1843-ல் வெடித்துப் பிரகாசித்தபோது சிரியஸுக்கு அடுத்தபடி வானத்திலேயே ஒளிமிக்க விண்மீனாக இருந்தது. ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவின் பெரும்பகுதியிலோ இருப்பவர்கள் இதைப் பார்க்க விமானம் ஏற வேண்டும். ஜவ்வாது மலையில் காவலூரில் வானாய்வகம் அமைத்ததற்கான காரணங்களில் இந்தத் தென்வானமும் ஒன்று. நீங்கள் போவது அதைவிடவும் தெற்கே.

பத்தரைக்கெல்லாம் படுத்துவிட்டு மூன்றரைக்கு எழுந்திருங்கள் என்பதுதான் என் உறுதியான யோசனை. ஐந்து நாளில் ஒன்றேகால் மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் மாலையை விட்டுவிட்டு நாலிலிருந்து ஐந்தேகால் வரை எடுத்துக்கொள்ளுங்கள். தூங்கி எழுந்த கண் ஏற்கெனவே இருட்டுக்குப் பழகியிருக்கும், விளக்கைப் போடாமல் வெளியே வந்தால் போதும். அந்த நேரத்தில் தென்கிழக்கில் விருச்சிகம் முழுதாக எழுந்திருக்கும். நெஞ்சில் சிவந்த கேட்டை, வால் நுனியில் மூலம். வாலுக்கு இடப்பக்கம், மூன்று முட்டி உயரத்தில், பால்வீதியின் மையத்திசை, ஏறக்குறைய 26,000 ஒளியாண்டு தொலைவு. அந்த மையத்தைத் தூசி மறைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது அதற்கு முன்னால் இருக்கும் விண்மீன் மேகங்கள். நல்ல இருட்டில் இதைத் தேட வேண்டியதில்லை. மேகம் என்றுதான் முதலில் நினைப்பீர்கள். ஐந்து நிமிடம் கழித்தும் அதன் வடிவம் மாறாமல் நின்றால் அதுதான். அதன் நடுவே ஓடும் கரிய பிளவையும் பாருங்கள், அது விண்மீன் இல்லாத இடமல்ல, பின்னால் இருப்பதை மறைக்கும் தூசி.

பைனாகுலரை எடுத்துக்கொண்டு, நேர் தெற்கில் நிற்கும் ஆல்பா சென்டாரியில் தொடங்குங்கள். சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில், 4.4 ஒளியாண்டில் இருக்கும் விண்மீன் குடும்பம் அது. சிலுவைக்குக் காவல் நிற்கும் இரண்டில் கிழக்கே இருப்பது. மேற்கே இருப்பது பீட்டா சென்டாரி. பீட்டாவிலிருந்து மேலே ஏறினால் எப்சிலான் சென்டாரி என்ற விண்மீன். அதே திசையில் ஏறக்குறைய அதே தூரம் மேலும் போனால், விண்மீன்போலத் தோன்றினாலும் ஊசிமுனையாகாத ஒரு பஞ்சுருண்டை நிற்கும். அது ஒமேகா சென்டாரி. 17,000 ஒளியாண்டு தொலைவில் ஏறக்குறைய ஒரு கோடி விண்மீன்கள் பந்தாகத் திரண்ட கூட்டம், நம் பால்வீதியின் கோளக் கூட்டங்களிலேயே மிகப் பெரியது. பைனாகுலரில் தனி விண்மீன்களாகப் பிரியாது, ஆனால் நடுவில் அடர்ந்து ஓரத்தில் கரைவது தெளிவாகத் தெரியும். பிறகு ஆல்பா சென்டாரிக்குத் திரும்பி, அங்கிருந்து இடப்பக்கமாக, விருச்சிகத்தின் வால்வழியே தனுசு வரை, ஒவ்வொரு பார்வைப் பரப்பிலும் சில நொடி நின்று நின்று நகருங்கள். மூலத்துக்குச் சற்று இடப்பக்கம் எம்7, அதையடுத்து எம்6 என்ற இரண்டு விண்மீன் கூட்டங்கள் வரும். தனுசில் எம்8 முகில், எம்22 கோளக் கூட்டம், எம்24 விண்மீன் மேகம். பெயர் தெரியாமல் பார்த்தாலும் நஷ்டமில்லை. இந்தத் துழாவலுக்கு இருபது நிமிடமாவது கொடுங்கள். மங்கலான எதையும் நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும், ஓரக்கண்ணால் பார்த்தால் தெரியும். விழித்திரையின் நடுப்புள்ளியில் கோல் செல்கள் இல்லை, அதைச் சுற்றித்தான் அடர்ந்திருக்கின்றன. பொருளுக்குச் சற்று மேலேயோ பக்கத்திலோ பார்வையை நிறுத்தி, கவனத்தை மட்டும் பொருளில் வையுங்கள். பைனாகுலரை விரலால் லேசாகத் தட்டி ஆடவிட்டால் மங்கல் திட்டு சட்டென்று புலப்படும், நகரும் பொருளுக்கு ஓரப்பார்வை கூர்மையானது.

எது உறுதி, எது ஐயம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். மேகமில்லாத, விளக்கு மறைந்த வயலில் கார்த்திகை, எம்42, பூசக் கூட்டம், அகத்தியர், அதிகாலைப் பால்வீதி, எம்7, ஒமேகா சென்டாரி இவை கிடைக்கும். அதில் ஐயமே இல்லை. கரைனாவும் தெற்குச் சிலுவையும் பெரும்பாலும் கிடைக்கும். இருபது டிகிரி உயரத்தில் ஒளி உச்சியைப்போல மூன்று மடங்கு காற்றைக் கடந்து வருவதால், செங்கல் சூளைப் புகையோ பனிமூட்டமோ இருந்தால் மங்கிவிடும். பால்வீதிக்குப் பக்கத்து விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகம் எட்டு மணி வாக்கில் தெற்கே ஒரு முட்டி உயரத்தில்தான் இருக்கும்; சமவெளிக் காற்றில் அது தெரிந்தால் அதிர்ஷ்டம், அதை நம்பிப் போகாதீர்கள். உங்கள் ஊரின் இருட்டு எந்தத் தரம் என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது. ஜான் போர்ட்டில் என்ற அமெரிக்க வானியல் ஆர்வலர் வானத்தின் இருட்டை மதிப்பிட 2001-ல் வகுத்த ஒன்பது படி அளவுகோலில் (ஒன்றாம் படிதான் மிக நல்ல இருட்டு) நாலாம் படியோ அதைவிட நல்லதோ என்றால் மேலே சொன்னது அத்தனையும் பொருந்தும். சிவகங்கை, காரைக்குடி ஒளியிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதைப் பொறுத்தது. கோள்கள் வருஷத்துக்கு வருஷம் இடம் மாறும். வியாழன் வானில் இருந்தால் பைனாகுலரைச் சுவரிலோ கட்டில் காலிலோ அண்டைகொடுத்துப் பாருங்கள், நாலு நிலாவில் இரண்டு மூன்றாவது தெரியும். சனியின் வளையம் பத்து மடங்கில் பிரியாது.

நிறத்தைப் பற்றி மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள், பிள்ளைகளிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். கேமரா இருபது நொடி ஒளியைச் சேர்த்து ஒரு படமாக்குகிறது. கண் ஒரு நொடியில் ஒரு சிறு பங்கு நேரம்தான் சேர்க்கும், கோல் செல்களுக்கு நிறமும் தெரியாது. ஆகவே பால்வீதி உங்களுக்குச் சாம்பல் வெள்ளைதான். ஆனால் எந்தப் படத்திலும் அடங்காதது அதன் அளவு: ஒரு பக்கத் தொடுவானத்தில் தொடங்கி வானத்தில் வளைந்து மறுபக்கம் இறங்குவது. அப்பாவுக்குக் கண்புரை இருந்தால் மங்கலான பகுதிகள் தெரியாமல் போகலாம். அவருக்கு கார்த்திகையையும் பிறையையும் காட்டுங்கள், பைனாகுலரை நாற்காலிக் கையில் அண்டைகொடுத்து. அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் மேற்கே நிற்கும் பிறையில், இருண்ட பாகம் பூமியின் ஒளி பட்டு மங்கலாக ஒளிர்வது பைனாகுலரில் மிக அழகு. அந்த நிலா எட்டரை வாக்கில் மறைந்துவிடும், அதிகாலை வானத்துக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. பகலில் பிள்ளைகள் கையில் பைனாகுலர் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்; சூரியன் பக்கம் ஒருகணம் திருப்பினாலும் கண் போய்விடும்.

சென்னைக்குத் திரும்பியதும் பைனாகுலரை அதன் தோல்பையிலோ துணிப்பையிலோ போட்டு அலமாரியில் வைத்துவிடாதீர்கள். கடலோர ஈரத்தில் சில மாதங்களுக்குள் கண்ணாடிக்குள் பூஞ்சை சிலந்திவலைபோலப் படர்ந்துவிடும்; ஒருமுறை பிடித்தால் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும், பூச்சிலும் தழும்பு விழும். ஊரிலிருந்து கொண்டுவந்த பனி ஈரம் முழுக்கக் காய, மின்விசிறிக்குக் கீழே ஒருநாள் மூடி இல்லாமல் வையுங்கள். பிறகு ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகா டப்பாவில், ஐம்பது கிராமுக்குக் குறையாமல் சிலிக்கா ஜெல் போட்டு அதோடு வையுங்கள். நிறம் மாறும் வகை சிலிக்கா ஜெல் என்றால் ஈரம் ஏறியது கண்ணுக்கே தெரியும். வாணலியில் குறைந்த தீயில் வறட்டினால் பழைய நிறத்துக்குத் திரும்பும், அந்த வாணலியைப் பிறகு சமையலுக்கு எடுக்க வேண்டாம்.